நல்ல தாரம்

அந்தப் பெட்டியை நாச்சியம்மாள் கோயமுத்தூரிலிருந்து வாங்கி வந்து மேசைமேல் வைத்தபோது அது ஏதோ பணியாரக்கல் என்றுதான் நினைத்தேன். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். உள்ளே வரிசை வரிசையாகக் குழி. மேலே கிளிக்கென்று மூடுகிற மூடி.

"பணியாரம் சுடறதுக்கு பிளாஸ்டிக்ல கல்லு வந்துருச்சா அம்மணி?" என்று கேட்டேன்.

"ஏனக்கா, உங்களுக்கு எப்பவும் வயித்து நெனப்புத்தானா? இது பாபின் பெட்டிங்க. குழிக்கு ஒரு பாபின். பெரிய கடைவீதியில ஒரு டெய்லர் கடையில பார்த்தேன், பூ அடுக்குனாப்பல இருந்துச்சு. நம்ம மாமா கடை பாருங்க, குருவிக்கூடாட்ட."

மாமா என்று அவள் சொன்னது அவள் புருஷனை. தம்பிதுரை மாஸ்டர். சோமனூரில் பெண்டுகளுக்கு ஜாக்கெட் தைக்கிறவர். அவர் கடையில் நான் கைவேலைக்காரி. கொக்கி கட்டுவது, ஓரம் மடித்து எம்மிங் அடிப்பது, பிசிர் வெட்டுவது. அதற்கு முன்னால் கோவிந்தராஜுலு நாயுடுவின் தறிக்குடோனில் நெடுங்காலம் நாடாவுக்கு நூல் தார் சுற்றினேன். தோள்பட்டை விட்டுப்போனது. இனி இது ஆகாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். கண் மட்டும் நன்றாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு இங்கே வந்தேன்.

மாஸ்டர் கடையில் யாரும் தொடக்கூடாத பொருள் ஒன்று உண்டு. சுவரில் மாட்டியிருக்கும் ஆணிப் பலகை. ஒவ்வோர் ஆணியிலும் ஒரு நூல் ரீல் குத்தி நிற்கும். அந்த ரீலின் தலைமேல், அதே ஆணியில், மிஷினுக்கு அடியில் போடுவதற்கு அதே கலர் நூல் சுற்றிய பாபின். பச்சை ரீலுக்குப் பச்சைப் பாபின், சந்தன ரீலுக்குச் சந்தனப் பாபின். பார்ப்பதற்குத் தூசியும் பஞ்சும் படிந்து அழுக்காகத்தான் இருக்கும். ஆனால் மாஸ்டர் மிஷினிலிருந்து திரும்பாமலே கையை நீட்டி எடுப்பார், எடுத்த இடத்திலேயே திரும்பக் குத்துவார். ரீலின் தலையில் வட்டக் காகிதம் ஒட்டி அதில் நம்பர் இருக்கும். பாபினுக்கு அதெல்லாம் கிடையாது. வெறும் இரும்பு.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவித் துடைப்பது எங்கள் வேலை. ஆணிப் பலகையை மட்டும் அவரே ஒரு பழைய பிரஷ்ஷால் தட்டுவார். ஒரு பாபினைக்கூடக் கழற்ற மாட்டார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை ஐப்பசியில் வந்தது. முகூர்த்தம் மேல் முகூர்த்தம். மாஸ்டர் பூசணிக்காயும் பொரியும் வாங்கப் போனவர் பஸ் கிடைக்காமல் எங்கேயோ மாட்டிக்கொண்டார். அந்த நேரத்தில்தான் நாச்சியம்மாள் பெட்டியோடு வந்தாள்.

"அவிய வர்றதுக்குள்ள அடுக்கிப்போடலாங்கக்கா. வந்து பார்த்தா அசந்து போகோணும்."

"பலகையைத் தொட்டாச் சத்தம் போடுவாருங்க அம்மணி."

"எம்மேல போடட்டும். சத்தம் போட்டுத்தான் நாளாச்சு."

எனக்கும் ஆசைதான். பாபின்களைக் கழற்றி, சீமெண்ணெய்த் துணியால் துடைத்து, பிசிரை வெட்டி, ஒவ்வொன்றாக அவளிடம் கொடுத்தேன். வெள்ளையில் ஆரம்பித்தாள். அப்புறம் சந்தனம், மாம்பழம், வாழைக்குருத்து, கிளிப்பச்சை, வானம், மயில்கழுத்து என்று வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகிற மாதிரி அடுக்கினாள். கடைசிக் குழியில் கருப்பு. அதற்கு முந்தின குழியில் அரக்கு. மூடியை அமுக்கித் தூக்கிப் பிடித்தபோது வானவில்லைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்தது மாதிரி இருந்தது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

மாஸ்டர் பொழுதுசாயத்தான் வந்தார். பூசணிக்காயைக் கீழே வைத்து நிமிர்ந்தவர் பலகையைப் பார்த்தார். ரீல் எல்லாம் மொட்டைத் தலையோடு நின்றது.

"பாபினெல்லாம் யாரு கழட்டுனது?"

குரல் சத்தமாக இல்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

நாச்சியம்மாள் பெட்டியை நீட்டினாள். "எப்படியிருக்குதுங்க?"

அவர் வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "நல்லாருக்குது," என்றார். பிறகு கேட்டார்: "இதுல அரக்கு எங்க வெச்சிருக்கற? நாளைக்கு நாயுடம்மா ஊட்டு ஜாக்கெட்டு தைக்கோணும்."

"கண்ணுக்கு முன்னால இருக்குது, அதைப் பார்க்கத் தெரியலையாக்கு!" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார். மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பொரி தின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் விஜயதசமி. நான் கடைக்குப் போக நேரமாகிவிட்டது. அறிவொளி வகுப்பில் அன்றைக்குப் புதிதாகப் பெண்டுகளைச் சேர்த்தார்கள். படித்து முடித்தவள் என்று என்னைக் கூப்பிட்டுக் கரும்பலகையில் எழுதிக் காட்டச் சொன்னார்கள். எனக்கு மற்ற எழுத்தெல்லாம் எப்படியாவது வந்துவிடும். இந்த 'அ' மட்டும் மக்கர் பண்ணும். சுழியை எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்று கை யோசிக்கும். அன்றைக்கும் யோசித்தது. புதிதாக வந்தவர்கள் முன்னால் அழித்து அழித்து எழுதிவிட்டு வெட்கத்தோடு கடைக்கு நடந்தேன்.

ஊரே காதடைத்த மாதிரி இருந்தது. பூஜைக்கு நிறுத்திய தறிகள் இன்னும் ஓடவில்லை. சோமனூரில் தறிச் சத்தம் இல்லாத நாளில் பக்கத்து வீட்டில் பாத்திரம் உருண்டால்கூடக் கேட்கும். அன்றைக்கென்று பார்த்துக் கரண்டும் இல்லை.

கடையில் பங்காரம்மா உட்கார்ந்திருந்தார். கோவிந்தராஜுலு நாயுடுவின் சம்சாரம். மகளுக்கு மறுநாள் விட்டு மறுநாள் கல்யாணம். முகூர்த்த ஜாக்கெட்டைக் கையோடு வாங்கிப் போகத்தான் வந்திருந்தார். அந்தக் குடும்பத்தின் ஜாக்கெட்டும், அவர்களைப் பார்த்து மற்றவர்கள் கொடுக்கிற ஜாக்கெட்டும் இல்லாவிட்டால் மாஸ்டர் கடையில் பாதி நாள் மிஷின் சும்மாதான் நிற்கும்.

"வா பாப்பாயி. பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வர்றியாமா? கலெக்டர் ஆகப் போறியா?"

"கலெக்டர் வேலை வேண்டாங்கம்மா. அப்பறம் உங்க ஜாக்கெட்டுக்குக் கொக்கி யாருங்க கட்டறது?"

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். மாஸ்டர் அப்போதுதான் தைத்து முடித்து நூலை அறுத்தார். "பாப்பாயக்கா, எப்ப வருவீங்கன்னு வெள்ளெனேருந்து பார்த்துட்டு இருந்தேன்," என்றார். "அரக்கு ரீலு அடிமட்டத்துக்கு வந்துருச்சுங்க. மேல்நூலுக்கே பத்துமோ பத்தாதோன்னு இருந்துச்சு. புதுசு வாங்கலாம்னா ஒரு கடையும் தொறக்கலை. நல்லவேளை, அடிநூலுக்குப் பாபின் பெட்டியில இருந்துச்சு. சித்தெ கொக்கி கட்டிக் கொடுத்துருங்க."

ஜாக்கெட்டை மடியில் வாங்கினேன். அரக்குப் பட்டு, கையில் ஜரிகைக் கரை. கழுத்துப் பட்டியில் ஊசி போடுவதற்காக உள்பக்கம் திருப்பினேன்.

கை நின்றுவிட்டது.

உள்ளே தையல் முழுக்கக் கருப்பு. தோள், கைக்குழி, பக்கவாட்டு எல்லாமே. அரக்குப் பட்டின் மேல் கட்டெறும்பு வரிசை போகிற மாதிரி கருப்பு நூல் போயிருந்தது. கல்யாண வீட்டில் தலைவாசலில் கருப்புத் துணி கிடந்தாலே எடுத்து ஓரமாகப் போடுகிறவர்கள் நாங்கள். தாலி ஏறப்போகிற மேலுக்குக் கருப்பு நூல்!

மாஸ்டரைப் பார்த்தேன். அவர் மிஷினில் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தார். மற்ற நாளாக இருந்தால் தறிச் சத்தத்தில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்காது. இன்றைக்கு மூச்சு விட்டாலே பங்காரம்மா காதில் விழும். லேசாக இருமினேன்.

"என்னக்கா, பொரி தொண்டையில சிக்கிருச்சா? தண்ணி குடிங்க."

எழுந்து மிஷினுக்குப் போனேன். அடித்தகட்டைத் தள்ளி, பாபினைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன். கருகருவென்று இருந்தது. அவர் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"ஆமாங்க, இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்குது. அரக்குக் குழியிலயே வெச்சுருங்க."

கிண்டல் பண்ணுகிறாரா என்று பார்த்தேன். கிண்டல் இல்லை.

அந்த நேரத்தில்தான் நாச்சியம்மாள் தூக்குப்போசியோடு வாசப்படி ஏறினாள். அரிசிம்பருப்புச் சோற்று வாசம் கடைக்குள் வந்தது. நான் மிஷினுக்கு வந்தபோது ஜாக்கெட்டை மணையிலேயே போட்டுவிட்டு வந்திருந்தேன். பங்காரம்மா கை நீட்டி அதை எடுத்தார். கரையைத் தடவிப் பார்த்தார். புரட்டினார்.

"நல்ல தாரமு!" என்றார், நெஞ்சில் கை வைத்து.

மாஸ்டர் முகம் மலர்ந்தது. "ஆமாங்கம்மா, நல்ல தாரந்தானுங்க. சோத்து நேரந் தவறாம வந்துருவா பாருங்க."

நாச்சியம்மாள் வெட்கப்பட்டுத் தூக்குப்போசியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள்.

எனக்கு மட்டும் விஷயம் புரிந்தது. பங்காரம்மா வெளியே எங்களை மாதிரிதான் பேசுவார். பதறினால் வீட்டுப் பேச்சு, தெலுங்கு, வந்துவிடும். அவர்கள் குடோனில் எத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? தெலுங்கில் நல்ல என்றால் கருப்பு. தாரமு என்றால் நூல்.

பங்காரம்மா ஜாக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். "தம்பிதுரை, என்றா பேசறே? கருப்பு நூலு! எம்பொண்ணு மேலுக்குக் கருப்பு நூலு போட்டு வெச்சிருக்கிறே, பொண்டாட்டி பெருமை பேசறியா?"

மாஸ்டர் சிரிப்பு பாதியில் நின்றது. ஜாக்கெட்டை வாங்கினார். வெட்டு மேசையோரம் வந்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். தையல்மேல் விரலை ஓட்டினார். இந்தப் பக்கம் புரட்டினார், அந்தப் பக்கம் புரட்டினார். பிறகு தலையைத் தூக்கிக் கேட்டார்:

"எங்கீங்கம்மா?"

முழுக்கக் கருப்பாக இருக்கிற தையலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கருப்பு நூலைத் தேடுகிற மனுஷனை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

பல வருஷத்துப் பேச்சு அந்த ஒரு நொடியில் என் காதுக்குள் திரும்ப ஓடியது. துணி கொண்டுவருகிற ஒவ்வொருத்தியிடமும் அவர் கேட்பார்: "ஏனுங்க அம்மணி, இந்தக் கலருக்கு உங்கூட்டுல என்ன பேருங்க?" என்ன மரியாதை, என்ன நயம் என்று பெண்டுகள் சொக்கிப்போய்ச் சொல்வார்கள். ஒருத்தி கிளிப்பச்சை என்பாள், ஒருத்தி வாழைக்குருத்து என்பாள். அப்புறம் என்னைக் கூப்பிடுவார்: "பாப்பாயக்கா, இதுக்கு எந்த நூலு எடுக்கலாம், சித்தெ பாருங்க." நான் கையைத் துடைத்துக்கொண்டு துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். தறிக்குடோனில் என்னை 'ஏய்' என்றுதான் கூப்பிட்டார்கள். இங்கே மாஸ்டரே என்னைக் கேட்டுத்தான் நூல் எடுக்கிறார் என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

இந்த மனுஷனுக்குக் கலர் தெரியாது.

பெண்டுகளுக்குத் தைக்கிறவனுக்குக் கலர் தெரியாது என்று சோமனூரில் ஒரு வாய்க்குத் தெரிந்தால் போதும். கடைக்கு அன்றோடு பூட்டு. அந்த வாய் இதோ எதிரிலேயே நின்றது.

"எங்கீங்கன்னா கேக்கறே?" பங்காரம்மா கிட்டே வந்தார். "உனக்குக் கண்ணு தெரியலையா, இல்லை எங்களுக்கு ஆகாதவங்க யாராச்சும் சொல்லி வெச்சுச் செஞ்சதா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லு. கண்ணுன்னா சொல்லிப்போடு, எங்க சொந்தபந்தம், ஒறம்பரை சனத்து ஜாக்கெட்டெல்லாம் இங்கதான் கெடக்குது, எடுத்துட்டுப் போயர்றேன்."

நான் வாய் திறப்பதற்குள் நாச்சியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. தூக்குப்போசியை டக்கென்று வைத்தாள்.

"அம்மா, வயசுல பெரியவங்க, அதனால பொறுத்துக்கறேன். என்ற ஊட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாதா? இந்த ஊர்ல பாதிப் பேருக்குக் கலரு எடுத்துக் கொடுக்கறதே அவருதானுங்க. இந்தா பாருங்க!" பெட்டியைத் திறந்து அரக்குப் பாபினை எடுத்தாள். என் கையிலிருந்த கருப்புப் பாபினையும் பிடுங்கிக்கொண்டாள். இரண்டையும் புருஷன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். "மாமா, இது என்ன கலரு? சொல்லுங்க, அந்தம்மா கேக்கட்டும்."

வலது கையைத்தான் முன்னால் நீட்டினாள். அதில் இருந்தது அரக்கு.

மாஸ்டர் பார்த்தார். அந்தப் பாபினைப் பார்த்தார், இந்தப் பாபினைப் பார்த்தார்.

நான் அவர் பக்கத்தில், வெட்டு மேசைக்கு இந்தப் புறம் நின்றேன். மேசைமேல் துணி குவிந்திருந்தது. எதிரில் நிற்கிற இரண்டு பேருக்கும் இந்தப் புறம் தெரியாது. துணி மேல் குறி போடுகிற சாக்குக்கட்டி என் கைக்குக் கிட்டே கிடந்தது. எடுத்தேன். மேசைமேல் எழுத வேண்டியது நாலே எழுத்து. முதல் எழுத்து 'அ'.

சுழி எந்தப் பக்கம்? காலையில் கரும்பலகை முன்னால் யோசித்த கை இங்கேயும் யோசித்தது. விரல் வேர்த்துச் சாக்குக்கட்டி வழுக்கியது.

"என்ன நாச்சி," என்றார் மாஸ்டர், உதட்டில் சிரிப்பை இழுத்து வைத்துக்கொண்டு. "சின்னப் புள்ளைக்கு வாத்தியாரு கேக்கறாப்பல."

"சொல்லுங்களே!"

"சொல்றேன், சொல்றேன். கல்யாண ஊட்டு அம்மா பதறிப் போயிருக்கறாங்க, மொதல்ல அவிங்களுக்குத் தண்ணி குடு."

"எனக்குத் தண்ணியும் வேண்டாம், மோரும் வேண்டாம்," என்றார் பங்காரம்மா. "நீ சொல்லு."

ஒரு கோணல் 'அ' வந்துவிட்டது. ர. க். கு. அவர் காலை என் காலால் ஒரு மிதி மிதித்தேன். அவர் கண் கீழே இறங்கியது. ஏறியது.

"அரக்கு," என்றார். "அந்தக் கையில இருக்கறது கருப்பு."

நாச்சியம்மாள் பங்காரம்மா பக்கம் திரும்பி, பார்த்தீர்களா என்பதுபோலத் தலையை ஒரு வெட்டு வெட்டினாள்.

"அப்பறம் எப்படி இதுல கருப்பு ஏறுச்சு?"

"கரண்ட் இல்லைங்கம்மா," என்றேன். "பெட்டி புதுசு. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துக் குழியில இருந்துச்சுங்க. இருட்டுல கை மாறிருச்சு. நானே பிரிச்சுத் தந்தர்றேங்க, ஒரு கருப்புப் பிசிரு இருக்காதுங்க. பொழுதோட ஜாக்கெட்டு உங்க கையில இருக்கும்."

பங்காரம்மா மணையில் தொப்பென்று உட்கார்ந்தார். "எல்லாம் இந்தப் பணியாரச் சட்டியால வந்த வெனை," என்று பெட்டியைக் காலால் தள்ளினார்.

பிளேடை எடுத்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். பங்காரம்மாவும் சும்மா இருக்கவில்லை. பிரித்த கருப்பு நூலை ஒன்று விடாமல் பொறுக்கி, உப்பும் மிளகாயும் நாச்சியம்மாளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் முடிந்து வைத்தார். பட்டில் ஊசி போன ஓட்டைகளை நகத்தால் நீவி அடைத்தேன். ரீலில் அரக்கு நூல் சுத்தமாகத் தீர்ந்திருந்தது. பெட்டியில் இருந்த அரக்குப் பாபினில் பாதியை இன்னொரு பாபினில் சுற்றினேன். ஒன்றை மேலே ரீல் குத்துகிற கம்பியில் குத்தினோம், ஒன்றைக் கீழே போட்டோம். அப்படித்தான் மாஸ்டர் மறுபடி தைத்தார். நூல் கடைசிவரை வருமா என்று மூன்று பேரும் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தது. கடைசிக் கைக்குழி முடிந்தபோது பாபினின் இரும்பு தெரிந்தது.

பங்காரம்மா ஜாக்கெட்டை உள்ளும் புறமும் பார்த்தார். முச்சந்தியில் காகிதப் பொட்டலத்தைக் கொளுத்தினார். "கெட்டது இதோட போகட்டும்," என்று சொல்லி, தம்பிதுரையும் சம்சாரமும் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரியே வந்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். மிளகாய் நெடி கடைக்குள் அப்படியே நின்றது.

நாச்சியம்மாள் தூக்குப்போசியைத் திறக்க மேசையில் கிடந்த துணியை ஒதுக்கினாள். ஒதுக்கிய கை நின்றது.

மேசைமேல் வெள்ளையாக, கோணலாக, அரக்கு.

அழிக்க எனக்குத் தோன்றவே இல்லை. அவள் அந்த எழுத்தைப் பார்த்தாள். என் விரலில் ஒட்டியிருந்த சாக்குத்தூளைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதைப் பார்த்துத்தான் சொன்னீங்களா?"

அவர் தலையாட்டினார்.

அவள் பெட்டியைத் திறந்து ஒரு பாபினை எடுத்தாள். "இது?"

"தெரியலை நாச்சி."

"இது?"

"அதும் தெரியலை."

"இது, இது?" அடுக்கு அடுக்காக எடுத்து எடுத்துக் காட்டினாள். நிறுத்த அவளால் முடியவில்லை. சிரிக்கிற மாதிரியும் இருந்தது, அழுகிற மாதிரியும் இருந்தது.

"அது மஞ்சள்," என்றார் ஒன்றுக்கு. "மஞ்சளும் நீலமும் தெரியும். பச்சையும் சேப்பும் காப்பிக் கலரும் எனக்கு ஒண்ணுதான். அரக்கும் கருப்பும் ஒண்ணு. சின்ன வயசுல சாயப்பட்டறையில வேலைக்கிருந்தேன். ஒரு தொட்டி நூலையே மாத்தி முக்கிப்போட்டேன். மரத்துல கட்டி வெச்சு அடிச்சாங்க. வேணும்னே செஞ்சேன்னு நெனச்சாங்க. எனக்கே அன்னைக்குத்தான் தெரியும், மத்தவிங்களுக்கு வேற வேறயாத் தெரியுதுன்னு. அப்பறம் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை."

"எங்கிட்டயுமா?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்பே? குருடன்னு கட்டியிருக்க மாட்டே."

"நம்ம கல்யாணத்துக்கு நான் கட்டுனது என்ன கலருங்க? போன மாசங்கூடச் சொன்னீங்களே, அந்தப் பச்சை உனக்கு எடுப்பா இருந்துச்சுன்னு."

"நீ சொன்ன கலரு," என்றார்.

நாச்சியம்மாள் தன் நெற்றிக்கு விரலைக் கொண்டுபோனாள். குங்குமத்தைத் தொட்டாள். "இது?"

நான் வெளியே போயிருக்க வேண்டும். கால் வரவில்லை.

"இருக்குதுன்னு தெரியும்," என்றார் மாஸ்டர்.

"கருப்பாத் தெரியுதா?"

"கருப்புத் தனியா, சேப்புத் தனியாத் தெரிஞ்சாத்தானே நாச்சி அதைச் சொல்றதுக்கு? இருட்டா ஒரு பொட்டுத் தெரியும். அது இருக்கற வரைக்கும் நான் இருக்கறேன்னு அர்த்தம். அது போதும்னு இருந்துட்டேன்."

அவள் தூக்குப்போசியைத் திறக்கவே இல்லை. சோற்றை அங்கேயே வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்.

என் தோள்பட்டை வலித்தது. கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் கேட்டுவிட்டது. "அப்போ என்னைக் கூப்புட்டுக் கூப்புட்டுக் கேட்டதெல்லாம் இதுக்குத்தானுங்களா மாஸ்டர்? எனக்கு அது தெரியும் இது தெரியும்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனுங்க."

"பாதி அதுக்குத்தானுங்கக்கா."

"மீதி?"

அவர் கொஞ்ச நேரம் மிஷின் சக்கரத்தைச் சும்மா உருட்டினார். "நீங்க துணியை வெளிச்சத்துல தூக்கிப் புடிப்பீங்கல்ல, அப்போ உங்க மூஞ்சி மாறுமுங்க. ஒவ்வொரு துணிக்கு ஒவ்வொரு மாதிரி. எங்கண்ணுக்கு அது எல்லாம் ஒரே துணி. உங்க மூஞ்சியைப் பார்த்துத்தான், கலருன்னு என்னமோ ஒண்ணு நெசமாவே இருக்குதாட்டன்னு நெனச்சுக்குவேன்."

பாபின்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் அதனதன் ரீலின் தலைமேல் ஆணியில் குத்தினேன். கருப்பை ஒரு கோடிக்கும் அரக்கு ரீலை இன்னொரு கோடிக்கும் மாற்றிக் குத்தினேன். எது எங்கே என்று வாயால் சொல்லச் சொல்ல அவர் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் தறி ஓடியது. ஊர் பழையபடி இரைந்தது. நாச்சியம்மாள் வரமாட்டாள் என்று நினைத்தேன். சோற்று வேளைக்குச் சரியாக வந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. அதற்குக் கீழே, என்றும் இல்லாமல், மஞ்சளைக் குழைத்துப் பெரிதாக ஒரு பொட்டு இட்டிருந்தாள். புருஷனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலிப் பெட்டியை எடுத்து இடுக்கிக்கொண்டு, "ஊட்டுல கடுகு சீரகம் போட்டு வெச்சுக்கறேன்," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். மாஸ்டர் அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் துணியோடு வந்தாள். அவர் வழக்கம்போல, "ஏனுங்க அம்மணி, இந்தக் கலருக்கு உங்கூட்டுல என்ன பேருங்க?" என்றார்.

"ஊதாங்க," என்றாள்.

எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு ஊதா என்றால் நீலம், பாதிப் பேருக்குக் கத்திரிப்பூ. மாஸ்டர் கை ஆணிப் பலகைக்குப் பாதி வழியில் நின்றது. "பாப்பாயக்கா, சித்தெ பாருங்க," என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டு துணியை வாங்கினேன். வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். கத்திரிப்பூ. நல்ல கத்திரிப்பூ, காலையில் பறித்தது மாதிரி. சொல்லத் திரும்பினேன்.

அவர் துணியைப் பார்க்கவில்லை. என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.